கோடெக் வேண்டும், புதுப்பிக்க வேண்டும் என்று மூன்று பெட்டிகள்: எதை நம்புவது?

காவிரிக்கரை ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தம்பி மகளின் சீமந்தத்தை அவள் கொழுந்தன் ஐபோனில் படம்பிடித்து, பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறான். என்னுடையது விண்டோஸ் 10 மடிக்கணினி. கோப்பைத் திறந்தால் வளையல் அடுக்கும் ஓசை கேட்கிறது, பெண்கள் பாடுவது கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. "இந்த வீடியோவை இயக்கப் புதிய கோடெக் தேவை" என்று ஒரு பெட்டி வந்தது. அதை அழுத்தினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குப் போய்ப் பணம் கேட்கிறது.

பணம் கொடுப்பானேன் என்று இலவசமாகத் தேடினேன். ஒரு தளத்தில் நுழைந்த உடனே, "உங்கள் மீடியா பிளேயர் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்புப் பட்டை. பக்கத்தில் ஒரு கடிகாரம் நொடிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. நான் எதையும் அழுத்துவதற்கு முன்பே ஒரு கோப்பு தானாக இறங்கிவிட்டது. அதை இன்னும் திறக்கவில்லை.

மூன்றாவது, வீட்டுக்காரரின் பழைய கணினியில் இருக்கும் வி.எல்.சி. பிளேயர். திறக்கும்போதெல்லாம் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்கிறது. அண்ணன் மகனோ, "கே-லைட் போடுங்கள் அத்தை, எல்லாம் ஓடும்" என்கிறான். அது பல கோடெக்குகளைச் சேர்த்த தொகுப்பாம்.

இவற்றில் எது உண்மை? பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரனா, இலவசமாகத் தருபவனா? வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இந்தப் பெட்டிகளுக்கு எல்லாம் ஒரே முகம்.

சுருக்கெழுத்து:

வி.எல்.சி. போதும். ஐபோன் வீடியோவைச் சுருக்கும் ஹெச்.இ.வி.சி. முறைக்கான கோடெக் (சுருக்கியதை விரித்துக் காட்டும் நிரல்) அதற்குள்ளேயே இருக்கிறது. தானாக இறங்கிய கோப்பை அழித்துவிடுங்கள்.

சந்திப்புக் கடைக்காரன்:

அம்மா, மேலே சொன்னவர் சொன்னது சரி. ஆனால் காரணம் சொல்லாமல் போய்விட்டார். திருநெல்வேலி சந்திப்பில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களை நிறையப் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் மூன்று பெட்டிகளில் பணம் கேட்டதுதான் சந்தேகமே இல்லாத அசல். 2017இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல், புதிய ஐபோன்கள் வீடியோவை ஹெச்.இ.வி.சி. முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. அந்த முறைக்குக் காப்புரிமைகள் உண்டு, உரிமத் தொகை உண்டு. அதனால் மைக்ரோசாஃப்ட் அதைத் தனி நீட்சியாக விற்கிறது. அமெரிக்க விலை 99 சென்ட். ஒலிக்கு வேறு கோடெக், அது விண்டோஸிலேயே இருக்கிறது. வளையல் ஓசை கேட்டும் வளையல் தெரியாததற்கு அதுதான் காரணம்.

சிவப்புப் பட்டை முழுப் பொய். ஓர் இணையப் பக்கம் உங்கள் உலாவியைப் பற்றிச் சில விவரங்களை அறியலாம். உங்கள் கணினியில் எந்த மீடியா பிளேயர் இருக்கிறது, அதன் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்கிறது என்றால் அங்கேயே குட்டு உடைந்துவிட்டது. நொடிக் கடிகாரம் எதற்கு? நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்கு. எந்த நேர்மையான மென்பொருளும் ஒரு நிமிடத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் கெட்டுப்போவதில்லை.

வி.எல்.சி. பெட்டி பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் அதில் இருக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். பெட்டியை மூடிவிட்டு, வி.எல்.சி.யின் 'ஹெல்ப்' பட்டியலுக்குப் போய் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதை நீங்களே அழுத்துங்கள். செய்தி உண்மையானால் அங்கேயும் அதையேதான் சொல்லும். கடையில் எல்லோருக்கும் நான் சொல்லும் வழி இது ஒன்றுதான். உலாவி ஆகட்டும், விண்டோஸ் ஆகட்டும், தானாக வந்து நிற்கும் பெட்டியை மூடிவிட்டு, அந்த மென்பொருளுக்கு உள்ளே போய் நாமே கேட்பது. பெட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த 'கோடெக் இல்லை' என்ற தூண்டில் இன்று நேற்றுப் போட்டது அல்ல. 2005, 2006 வாக்கில் ஸ்லாப் என்ற டிரோஜன் (நல்ல மென்பொருள் வேடத்தில் நுழையும் நச்சு நிரல்) இப்படித்தான் பரவியது. வீடியோ ஓட வேண்டுமானால் இந்தக் கோடெக்கை நிறுவு என்று சொல்லும், நிறுவினால் கணினி அதன் கையில். அதே வழியில் புகுந்த டி.என்.எஸ். சேஞ்சர் என்ற நச்சு நிரல், நீங்கள் எந்த முகவரியைத் தட்டினாலும் தான் நினைத்த இடத்துக்குத் திருப்பிவிடக்கூடியது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் கோஸ்ட் கிளிக்' என்ற பெயரில் அந்தக் கும்பலைப் பிடித்தபோது, நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கணினிகள் அதில் சிக்கியிருந்தன. கைதானவர்கள் ஆறு எஸ்டோனியர்கள்.

பின்னர் அதே வேடத்தை, இணையப் பக்கங்களில் வீடியோ ஓட்ட அப்போது பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயர் பெயரில் கட்டினார்கள். ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்றே நிறுத்திவிட்டது. இப்போது ஒரு தளம் ஃபிளாஷைப் புதுப்பிக்கச் சொன்னால், செத்தவருக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி முதல் நவம்பர் வரை வி.எல்.சி.யின் அதிகாரபூர்வத் தளமே இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. அப்போது கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கிய நகல்கள் இன்னும் பென் டிரைவ்களில் சுற்றுகின்றன. வீட்டுக்காரரின் கணினியில் இருப்பது அந்தக் காலத்தது என்றால், அதை நீக்கிவிட்டு வீடியோலேன் டாட் ஆர்க் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள்.

கோவை எடிட்டர்:

கடைக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் கே-லைட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டார். திருமண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் நான். கே-லைட் பல ஆண்டுகளாக இருக்கும் நல்ல தொகுப்பு. அதன் உள்ளே வீடியோவை விரிக்கும் எல்.ஏ.வி. ஃபில்டர்ஸ் என்ற பகுதி, வி.எல்.சி. நம்பியிருக்கும் அதே எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச நிரல் தொகுப்பின் அடித்தளத்தில் நிற்பதுதான். கோப்புறையில் நூற்றுக்கணக்கான கிளிப்புகளைத் திறக்காமலே சிறு படமாகப் பார்ப்பதற்கு எனக்கு அது வேண்டும். கோடெக் கைடு டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்தில்தான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, அதிகாரபூர்வத் தளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பதும் இல்லை. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளின் இரண்டு பதிவிறக்க சர்வர்களில் ஒன்றைக் கைப்பற்றி, மேக் பதிப்புக்குப் பதிலாக புரோட்டான் என்ற டிரோஜனை வைத்துவிட்டார்கள். மே 2 முதல் 6 வரை அது அங்கேயே கிடந்தது. நிறுவியதும் அது என்ன கேட்டது தெரியுமா? கூடுதல் கோடெக்குகளை நிறுவ வேண்டும், கடவுச்சொல்லைக் கொடு என்று. பானிக் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரே அதில் சிக்கினார், அவர்களுடைய மென்பொருள்களின் மூல நிரலே திருடுபோனது. தொழில் தெரிந்தவருக்கே அந்த நிலை.

சந்திப்புக் கடைக்காரன்:

ஹேண்ட்பிரேக் கதை நல்ல நினைவூட்டல். அந்தத் தளம் சரியான கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) வெளியிட்டிருந்தது. இறக்கியதை அதனுடன் ஒப்பிட்டவர்கள் தப்பியிருப்பார்கள். விண்டோஸிலும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்தால் அந்த எண் வரும்.

கே-லைட்டை நான் குறை சொல்லவில்லை. எடிட்டருக்கு வேண்டியது சீமந்தம் பார்க்கும் ஆசிரியைக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. கோடெக் தொகுப்பு கணினி முழுவதற்குமாகப் பரவி நிற்கும். வி.எல்.சி. சுருக்கியதை விரிக்கும் தன் டிகோடர்களைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளும், நீக்கினால் கூடவே போய்விடும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும்.

அதற்காகப் புதுப்பிப்பே ஆகாது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். 2020 ஜூன் இறுதியில் மைக்ரோசாஃப்டின் அந்த அசல் ஹெச்.இ.வி.சி. நீட்சியிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திட்டமிட்டுத் திரித்த ஒரு படக்கோப்பைத் திறந்தாலே அந்நியரின் நிரல் ஓடும் அளவுக்கு. திருத்தம் ஸ்டோர் வழியாகத் தானாக வந்து இறங்கியது. எந்த இணையப் பக்கமும் சிவப்புப் பட்டை காட்டி அதைக் கொடுக்கவில்லை.

காவிரிக்கரை ஆசிரியை:

மிக்க நன்றி. அந்தக் கோப்பை அழிப்பதற்கு முன், ஒரு ஆர்வத்துக்காக, திறக்காமலே அது யாருடையது என்று பார்க்க முடியுமா?

சந்திப்புக் கடைக்காரன்:

முடியும். இரட்டைச் சொடுக்கு மட்டும் கூடாது. எக்ஸ்புளோரரில் 'வியூ' பட்டையில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் பெயரின் உண்மையான வால் தெரியும். பிறகு கோப்பின் மேல் வலச்சொடுக்கு, 'ப்ராப்பர்டீஸ்', அதில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவல். வி.எல்.சி. நிறுவியில் வீடியோலேன் என்று கையொப்பம் இருக்கும். தாவலே இல்லை என்றால் யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். கையொப்பம் இருப்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது, யார் கொடுத்தது என்பது மட்டும்தான் உறுதி. வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றியும் பார்க்கலாம். பல வைரஸ் தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். நேற்றுப் பிறந்த நச்சு நிரல் என்றால் அத்தனையும் கைவிரிக்கக்கூடும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றிவிடாதீர்கள், மற்றவர்கள் கைக்குப் போகும்.

காவிரிக்கரை ஆசிரியை:

பார்த்தேன். வீடியோ என்ற பெயரோடு, வால் மட்டும் நிரல்களுக்கு உரிய இ.எக்ஸ்.இ. கையொப்பத் தாவல் இல்லை. அழித்துவிட்டேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாயிற்று. வி.எல்.சி.யை அதன் சொந்தத் தளத்திலிருந்து போட்டேன், படம் ஓடுகிறது. இனி எல்லோருக்கும் ஓடும்படி எடுக்கப் பையனிடம் என்ன சொல்ல வேண்டும்?

கோவை எடிட்டர்:

ஐபோன் செட்டிங்ஸில் 'கேமரா', அதில் 'ஃபார்மட்ஸ்', அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'. வீடியோ ஹெச்.264 முறையில் பதிவாகும், எந்தப் பழைய கணினியிலும் ஓடும். ஆனால் 1080 தரத்தில் நொடிக்கு 30 சட்டகம் என்றால், ஒரு நிமிடத்துக்கு 60 எம்.பி. பிடித்தது 130 எம்.பி. ஆகிவிடும். வளைகாப்பு முழுவதையும் எடுக்கிற பையன் என்றால் பெரிய பென் டிரைவாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.