கணவாய்க்கு இருபுறமும் சிரிப்பான்கள்

நீலகிரியையும் பழனிமலையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நண்பர்கள் சேர்ந்து கிளம்பியதற்குக் காரணம் சிரிப்பான்கள் என்னும் பறவைகள்தான். கோத்தகிரிப் பக்கத்துச் சோலைகளில் கூட்டமாகக் குரலெழுப்பும் நீலகிரிச் சிரிப்பான் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கிடையாது. கொடைக்கானலில் வீட்டுத் தோட்டம் வரை வந்துபோகும் பழனிச் சிரிப்பான் கணவாய்க்கு வடக்கே கிடையாது. சோலையின் தரையை ஒட்டி வாழும் நீலச்சிட்டுகளின் கதையும் இதுவேதான்: வடக்கே செம்பழுப்பு விலாவுடன் நீலகிரி நீலச்சிட்டு, தெற்கே வெண்வயிற்று நீலச்சிட்டு. எங்களில் சிலர் இவற்றை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பயணங்களில் பார்த்தவர்கள். ஆனால், ஒன்றைப் பார்த்த நினைவு மங்குவதற்குள் மற்றதையும் பார்த்தால்தான் வேறுபாடு மனத்தில் தங்கும் என்று கோத்தகிரி நண்பர் நெடுநாளாகச் சொல்லிவந்தார். மாசி மாதக் கடைசியில் எல்லோருக்கும் விடுப்பு ஒத்துவந்ததால் கிளம்பிவிட்டோம்.

கோத்தகிரி நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். கண்ணைவிடக் காதை நம்புகிறவர். கோவையிலிருந்து வந்த தம்பி படம் எடுப்பதற்காகவே பிறந்தவன் போல 150–600 மி.மீ. லென்ஸைத் தோளில் இருந்து இறக்கவே மாட்டான். மதுரை நண்பருக்குக் குறிப்பேடு போதும். கொடைக்கானலில் எங்களை வரவேற்கக் காத்திருந்த அண்ணன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைப் பிற்பாடு கற்றுக்கொண்டாலும், எந்தக் குருவி எந்த மரத்தில் எப்போது வரும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர்.

வனத்துறை அனுமதியுடன் முதலில் நுழைந்தது லாங்வுட் சோலை. கோத்தகிரி ஊரை ஒட்டி, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் இருக்க, நடுவே எஞ்சி நிற்கும் ஏறத்தாழ 116 ஹெக்டேர் காடு அது. 2024 ஜனவரியில் ராம்சார் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது, ‘ஏரியும் இல்லை, குளமும் இல்லை, காடு எப்படி ஈரநிலமாகும்?’ என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பாசி படர்ந்த அடிமரங்களும், காலடியில் அமுங்கும் இலைமக்கும், வெயில் காலத்திலும் கசிந்துகொண்டே இருக்கும் நீரும்தான் சோலை. மழைநீரைப் பிடித்துவைத்துக் கீழேயுள்ள ஊர்களுக்கு மெல்ல விடுகிற காடு அது.

உள்ளே போனதும் சார் சொன்னது ஒன்றுதான்: “நடக்க வேண்டாம், உட்காருங்கள்.” சோலைக்குள் நடக்கிறவர்கள் பெரும்பாலும் சருகின் ஓசையைத்தான் கேட்பார்கள். பறவைகள் அவர்களுக்கு முன்னதாகவே புதருக்குள் ஒதுங்கிவிடும். ஓர் ஓடையோரம் அமர்ந்தோம். சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு வெள்ளைக்கண்ணிகளும் பட்டாணிக்குருவிகளும் தலைக்கு மேல் வந்தன. அவற்றுடன் சாம்பல்தலை ஈப்பிடிப்பான், குளிர்காலத்துக்கு வந்த கதிர்க்குருவிகள், அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் நட்ஹேட்ச் என்று ஒரு கலப்புக் கூட்டம் எங்களைக் கடந்தது. இத்தகைய கூட்டம் வந்தால் சில நிமிடங்களில் மரமெல்லாம் பறவையாகிவிடும். போனால் காடு வெறிச்சோடிவிடும். பல பறவைகள் ஒன்றாக இரை தேடும்போது இலைகளில் பதுங்கிய பூச்சிகள் கலைந்து வெளிவருகின்றன, எதிரியைக் கண்டு எச்சரிக்கவும் கண்கள் அதிகம் கிடைக்கின்றன. படம் எடுப்பவருக்கு மட்டும் இதில் நிம்மதி இல்லை. எந்தப் பறவையைக் குறிவைப்பது என்று தம்பி தீர்மானிப்பதற்குள் கூட்டம் மறைந்துவிட்டது.

சிரிப்பான்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொள்ள, ஏறிக்கொண்டே போன அந்தச் சிரிப்பு பள்ளத்தின் அந்தப் பக்கத்திலும் எதிரொலித்தது. 1839-இல் இப்பறவையை அறிவியல் உலகுக்கு விவரித்த பறவையியலாளர் ஜெர்டன், உரக்கச் சிரிப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். இத்தனை சத்தம் போடுகிற பறவை கண்ணில் படுவதற்கு இவ்வளவு தயங்கும் என்று முதல்முறை வருபவர்கள் நம்பமாட்டார்கள். குறிஞ்சிப் புதருக்குள் கிளை அசைவதுதான் தெரிந்தது. கடைசியில் ஒன்று மட்டும் ஓடையோரக் கல்லில் வந்து நின்றது. கண்ணுக்கு மேல் அகன்ற வெள்ளைப் புருவம், அலகின் அடியில் கறுப்பு, தொண்டைக்குக் கீழே மார்பும் வயிறும் முழுக்கச் செம்பழுப்பு. ஒரு மக்கிய இலையை அலகால் கவ்விப் புரட்டிப் போட்டது. அடியில் எதுவும் இல்லை. அடுத்த இலையைப் புரட்டியது. மதுரை நண்பர் குறிப்பேட்டில் ‘மார்பில் கோடுகள் இல்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்த அடிக்கோட்டின் பயன் கொடைக்கானலில்தான் தெரிந்தது.

இங்கே ஒரு சிறு வாக்குவாதத்தையும் சொல்லவேண்டும். சிரிப்பான்கள் புதருக்குள் போனதும், செல்பேசியில் அவற்றின் ஒலிப்பதிவைப் போட்டால் வெளியே வரும் என்று தம்பி சொன்னான். வரும்தான், அதில் ஐயமில்லை. தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி, இரைதேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு விரட்ட வரும். “கூடு கட்டுகிற பருவத்தில் அதைச் செய்தால் நமக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலைப்பொழுது நட்டம்” என்றார் சார். பருவம் எதுவானாலும் மக்கள் அடிக்கடி வந்துபோகும் சிறிய சோலைகளில் இது கூடவே கூடாது என்பது என் கருத்து. 116 ஹெக்டேரில் எத்தனை குடும்பங்கள்தான் இருக்க முடியும்? வாரந்தோறும் வருகிற ஒவ்வொரு குழுவும் அதே பாதையோரம் நின்று அதே ஒலியைப் போட்டால், அங்குள்ள பறவைகள் இல்லாத எதிரியோடு போராடியே களைத்துப்போகும். தம்பி முகம் சுளித்தாலும் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டான்.

அவனுக்கு ஆறுதலாக அமைந்தது கறுப்பு–ஆரஞ்சு ஈப்பிடிப்பான். சோலையில் படம் எடுக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பறவை இல்லை. முழங்கால் உயரத்துக் குச்சியில் அமரும். அமர்ந்த இடத்தில் சற்று நேரம் அசையாமல் இருக்கும். தரைக்கு இறங்கி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு. பெண்ணின் தலையில் கறுப்புக்குப் பதில் மங்கிய பழுப்பு. சிக்கல் வெளிச்சம்தான். காலை ஒன்பது மணிக்கும் புதரடியில் அந்தி போல் இருட்டு. கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் நொடியில் எண்பதில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. தம்பி ஒற்றைக்கால் தாங்கியில் லென்ஸை வைத்து, மூச்சை அடக்கி, தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்தான். அவற்றில் பறவை தலையைத் திருப்பாத கணத்தில் விழுந்தவை மட்டும் தெளிவாக இருந்தன. ஃபிளாஷ் போடலாமே என்று யாரேனும் கேட்பார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அதை அடிப்பது முறையல்ல என்பது ஒருபுறம். பின்னணிக் காடு கறுத்துப்போய்ப் பறவை மட்டும் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பது மறுபுறம். சற்றுப் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் பாசியும் ஈரமும் தெரிகிற படமே எனக்குப் பிடிக்கும்.

நீலகிரி நீலச்சிட்டு மாலையில்தான் காட்சி தந்தது. ஒளி குறையும் நேரத்தில் பாதையின் ஓரத்துக்கு வந்து, நீண்ட கால்களில் நிமிர்ந்து நின்று, இரண்டு மூன்று தாவலில் பாதையைக் கடந்தது. முதுகும் மார்பும் கருநீலம், நெற்றியருகே வெளிறிய கோடு, விலாவில் செம்பழுப்பு, வயிற்றின் நடுவே வெள்ளை. படம் எதுவும் தேறவில்லை. ஆனால் விலாவின் நிறத்தை எல்லோரும் பார்த்தோம், அதுதான் வேண்டியிருந்தது.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோவையைத் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகச் சென்றோம். தென்னந்தோப்புகளும் காற்றாலைகளும் நிறைந்த அந்தச் சமவெளியைப் பெரும்பாலோர் தூங்கியே கடப்பார்கள். எங்கள் பயணத்தின் முக்கியமான பகுதி அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டு, ஏறத்தாழ முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிற கணவாயின் கிழக்கு வாய் இது. காற்றுக்கு இது வாசல்; அதனால்தான் இத்தனை காற்றாலைகள். சோலைப் பறவைக்கோ இது மதில். குளிர்ந்த, ஈரமான, இருண்ட காட்டின் அடித்தளத்தை விட்டு வெளிவராத நீலச்சிட்டு, இந்த வெக்கையான வெளியைப் பறந்து கடக்காது. அதனால் இருபுறத்துக் கூட்டங்களும் மிக நீண்டகாலமாகக் கலக்காமலே தனித்தனியாக மாறிவந்திருக்கின்றன. மரபணுக்களை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நீலச்சிட்டுகளுக்குச் சோலிகோலா என்றும் சிரிப்பான்களுக்கு மாண்டிசின்க்லா என்றும் புதிய பேரினங்களையே வகுத்தது. சோலைக்காடுகளை வானத்தீவுகள் என்று ஆய்வாளர்கள் சொல்வதன் பொருள், காற்றாலைகளுக்கு நடுவே காரில் போகும்போது நன்றாக விளங்கும். இருபுறமும் மலை தெரிகிறது. இடையே பறவையால் கடக்க முடியாத கடல். நாங்கள் அதை ஒரு பிற்பகலில் கடந்தோம்.

கொடைக்கானலில் மறுநாள் விடிவதற்கு முன்பே அண்ணன் வீட்டுப் பின்புறத்தில் ‘பீ–கோகோ’ என்ற குரல் கேட்டது. சார் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நீலகிரியில் கேட்ட தொடர்ச் சிரிப்பு இது அல்ல; ஓரிரு அசைகளை விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லும் அழைப்பு. விடிந்ததும் பழனிச் சிரிப்பான்கள் வேலியோரத்துப் புதரில் கனி தின்றுகொண்டிருந்தன. அதே உருவம், அதே வெள்ளைப் புருவம்; ஆனால் மார்பு சாம்பல், அதில் மெல்லிய கோடுகள், செம்பழுப்பு வயிற்றில் மட்டும். மதுரை நண்பர் பழைய பக்கத்தைப் புரட்டித் தன் அடிக்கோட்டைக் காட்டினார். படத்தில் பார்த்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பதிந்திருக்காது. பழனிமலையில் இதைச் சேகரித்த அமெரிக்க மதபோதகர் ஃபேர்பேங்கின் பெயரை 1869-இல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு இதற்குச் சூட்டினார் என்று நான் சொன்னபோது, “எங்கள் ஊர்ப் பறவைக்கு எங்கள் ஊர்ப் பெயர் வைக்கத் தோன்றவில்லையா?” என்று அண்ணன் கேட்டார். தமிழில் அது பழனிச் சிரிப்பான்தானே என்று சமாதானம் சொன்னோம்.

அண்ணன் தன் அனுபவமாகச் சொன்னது வேறொன்று. அவருடைய சிறுவயதில் சோலையை ஒட்டிப் புல்வெளி இருந்த சரிவுகளில் இன்று சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. சிரிப்பான்கள் இந்த மாற்றத்தைச் சமாளித்துத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. நீலச்சிட்டு அப்படியில்லை, சீகைக் காட்டுக்குள் நடந்தால் அதன் குரல் அரிது என்கிறார். புல்வெளியையே நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவியைப் பற்றிப் பேசும்போது சாரும் இதையே சொன்னார். நீலகிரி மேட்டுநிலத்திலும் இதே மரங்கள் ஏறி நிற்கும் இடங்களில் அது இல்லை.

வெண்வயிற்று நீலச்சிட்டுக்காக அண்ணன் எங்களை ஊருக்குச் சற்று வெளியே, ஒரு சோலையின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் காட்டுமாடு ஒன்று பாதையை மறித்து நின்றதால், அது தானாக விலகும்வரை தொலைவிலேயே நின்றோம். படத்துக்காக நெருங்கியவர்கள் குத்துப்பட்ட கதைகள் இரண்டு மலைகளிலும் உண்டு. அந்தத் தாமதம் நன்மையாயிற்று. வெயில் சாய்ந்திருந்தது. ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தில் சிட்டு வந்து அமர்ந்தது. இந்த முறை யாரும் முதுகைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் விலாவில். செம்பழுப்பு இல்லை, நீலம் கலந்த சாம்பல் அப்படியே இறங்கி வெள்ளை வயிற்றில் முடிந்தது. அது ஒரு புழுவை எடுத்து மரத்தில் அடித்து விழுங்கும்வரை தம்பியின் கேமரா ஓசையில்லாமல் இயங்கியது. பயணத்தில் அவன் எடுத்தவற்றில் விலா தெளிவாகத் தெரிகிற படம் அதுதான்.

இனி மிஞ்சியிருப்பது செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள அகத்தியமலைப் பகுதி. 2017 ஆய்வில்தான் அங்குள்ள நீலச்சிட்டு தனி இனமாக விவரிக்கப்பட்டது. அங்கே வெண்புருவம் குறுகிய அசம்பு சிரிப்பானும் உண்டு. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் முன்னனுமதி இல்லாமல் போக முடியாது என்பதால் விண்ணப்பத்தைப் பற்றி இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். சார் பங்குனிக்குள் போகவேண்டும் என்கிறார். மதுரை நண்பருக்கு அடுத்த குளிர்காலமே சரியாம். அந்தப் பக்கத்துச் சோலைகளில் நீலச்சிட்டைப் பார்த்தவர்கள், எந்த மாதத்தில், காலையிலா மாலையிலா பார்த்தீர்கள் என்று எழுதினால் எங்கள் வழக்கு தீரும்.