செரோக்கி சந்தையில் கூடைக்கும் ரொட்டிக்கும் எதைப் பார்த்துப் பரிசு தருகிறார்கள்?

கேள்வி (மலைப்பாதை):
அமெரிக்காவின் வட கரோலினாவில், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் வாழும் செரோக்கி ஊரில் 1914 முதல் இலையுதிர் காலத்தில் நடந்துவரும் செரோக்கி இந்தியச் சந்தைக்கு இம்முறைதான் முதன்முதலாகச் சென்றேன். கண்காட்சிக் கூடத்தில் வீட்டில் பதப்படுத்திய காய்கறிச் சாடிகள், ரொட்டிகள், கூடைகள் என வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். மூடியுள்ள சிறிய கூடை ஒன்று முதல் பரிசு பெற்றிருந்தது. அதைவிடப் பெரிதாகவும் வண்ணமாகவும் இருந்த கூடைக்கு எதுவும் இல்லை. நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (முடைவோன்):
நீங்கள் சொல்வது ரிவர்கேன் எனப்படும் ஆற்றோர மூங்கிலில் முடைந்த இரட்டை நெசவுக் கூடையாக இருந்தால், பரிசு கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. உட்புற அடியில் தொடங்கி, விளிம்புவரை ஏறி, அங்கே சிம்புகளை மடக்கி, வெளிப்புறமாக இறங்கி அடியிலேயே முடிப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடைகள், ஆனால் ஒரே முடைதல். மூங்கிலின் பளபளப்பான புறம் உள்ளேயும் வெளியேயும் தெரியும். முடைவதற்கு முன்பே மூங்கிலை வெட்டிப் பிளந்து, தோலுரித்து, சீராகச் சுரண்டி, கருப்பு வால்நட் மரத்தின் வேரில் பழுப்பும் பிளட்ரூட் என்ற செடியின் கிழங்கில் செம்மஞ்சளும் ஏறும்வரை வேகவைக்க வேண்டும். வட கரோலினாவில் வாழும் கிழக்குச் செரோக்கியரிடையே ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்நெசவை, 1940களில் லாட்டி ஸ்டாம்பர் என்ற ஆசிரியை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 18ஆம் நூற்றாண்டுக் கூடையின் படத்தைப் பார்த்துப் பழகி, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அந்தச் சிறிய கூடையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

மறுமொழி (அடுப்படி):
ரொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செரோக்கியரின் பீன் பிரெட், வேகவைத்த பயற்றையும் அதன் சுடுநீரையும் மக்காச்சோள மாவில் சேர்த்துப் பிசைந்து, சோளத் தோகையில் பொதிந்து, கொதிநீரில் வேகவைப்பது. பழைய முறையில், சோளத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கி, உரலில் இடித்து மாவாக்குவார்கள். உப்புச் சேர்த்தால் உதிர்ந்துவிடும் என்பது அங்குள்ள பெரியவர்களின் சொல். பிரித்து வைத்த ரொட்டியில் தோகையின் வரிகள் பதிந்து, கத்தி பட்டவுடன் உடையாமல் நிற்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். செஸ்ட்நட் மரத்தின் கொட்டையைச் சேர்த்துச் செய்யும் செஸ்ட்நட் ரொட்டிக்கு வந்த துயரம் வேறு. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், அப்பலாச்சிய மலைகளின் செஸ்ட்நட் மரங்களை அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அழித்துவிட்டது. வேறு இன மரங்களின் கொட்டையைக் கொண்டு அதை விடாமல் செய்பவர்களின் பிடிவாதத்தை நான் மனமார மதிக்கிறேன்.

மறுமொழி (சாடிக்காரி):
சாடிகள் விடுபட்டுவிட்டன. அமெரிக்கச் சந்தைகள் பலவற்றில் நடுவர்கள் அவற்றைத் திறந்து சுவைப்பதில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, நீர் தெளிவாக உள்ளதா, துண்டுகள் ஒரே அளவா, மேலே விட்ட இடைவெளி சரியா, மூடி இறுகியுள்ளதா என்று பார்ப்பார்கள். புளிப்பில்லாத பீன்ஸை வெறும் கொதிநீரில் பதப்படுத்தினால் போதாது. அழுத்தப் பாத்திரத்தில் ஏறத்தாழ 116 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டினால்தான் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் சாகும். ஆகவே எந்த முறையில், எவ்வளவு நேரம் என்று சீட்டில் எழுதச் சொல்லும் சந்தைகள் உண்டு. அந்தச் சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

மலைப்பாதை:
மூவருக்கும் நன்றி. நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடி சற்றுத் திறந்திருந்த இடத்தில், கூடையின் உட்புறமும் வெளிப்புறத்தைப் போலவே பளபளக்கிறது.