பெறாமல் வளர்த்தவருக்கு எந்தச் சொல்? வளர், பேணு, ஓம்பு, புறந்தா…

தட்டோன் டீச்சர்:

வணக்கம். பர்மாவில் தட்டோன் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பெரியம்மா தவறி வருகிற மாசத்தோடு ஒரு வருஷம். திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அட்டை அடிக்கிறோம். மேலே பர்மிய வாசகம், கீழே தமிழ். பர்மியத்தை அண்ணன் எழுதிவிட்டார். அதில் 'ப்யுசு ப்யோதாவுங்' என்று ஒரு சொல் வருகிறது. தமிழ் என் பொறுப்பு. 'எங்களை வளர்த்த பெரியம்மா' என்று எழுதினேன், மனசு ஒப்பவில்லை. கோழி வளர்ப்புக்கும் அதே சொல்தானே?

அந்தப் பர்மியச் சொல்லைப் பிரித்துச் சொல்கிறேன். ப்யுசு என்றால் நோயில் கிடப்பவரைக் கூடவே இருந்து கவனிப்பது. நர்ஸை 'தூநாப்யு' என்கிறோமே, அதிலே வருகிற ப்யு. ப்யோ என்றால் நாற்று விடுவது. தாவுங் என்றால் நிமிர்த்தி நிறுத்துவது. மூன்றையும் எங்கள் பெரியம்மா செய்தார். அம்மா தாய்லாந்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு நாலு வயசு. மலேரியாவில் நான் கிடந்த ராத்திரிகளில் ஈரத்துணி காயக் காய நனைத்துப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர்தான். இதற்கெல்லாம் சேர்த்துத் தமிழில் ஒரு சொல் இருக்கிறதா?

ரங்கூன் பழைய வாத்தியார்:

அம்மா, முதலில் 'வளர்' என்ற சொல்லைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். 'வளர்ந்தான்' என்றால் அவன் தானாக, 'வளர்த்தாள்' என்றால் அவளால். ந்த, த்த, அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் எழுத்துக்குள் ஒருத்தியின் பாடு முழுக்க அடங்கிக் கிடக்கிறது. வேள்வித் தீயையும் வளர்க்கிறோம். தூங்குகிற பிள்ளையைக் 'கண்வளர்கிறது' என்கிறோம்.

ஆனாலும் நீங்கள் கேட்பதற்கு நேரான சொல் ஒன்று உண்டு. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு, 312: 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே.' ஈனுவது வேறு, புறந்தருவது வேறு என்று அந்தத் தாய் இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொல்கிறாள். புறந்தருதல் என்றால் காத்து வளர்த்தல். பர்மியத்தில் பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் 'ம்வே' என்ற ஒரே சொல் போதும். தமிழில் பிரித்திருப்பதால்தான் பெறாதவளுக்கும் ஒரு சொல் மிஞ்சுகிறது.

இன்னொன்று, செவிலி. அகப்பாட்டுகளில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். இன்று அந்தச் சொல் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போய்விட்டது. உங்கள் தூநாப்யுவும் எங்கள் செவிலியும் ஒரே வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

முடோன் ரப்பர்க்காட்டுக்காரன்:

சயாமா (பர்மியத்தில் டீச்சரம்மா), வாத்தியார் ஐயா சொன்னது அருமை. ஆனால் 'புறந்தந்த' என்று அட்டையில் போட்டால் எங்க ஊர்ப் பெரியவர்கள் 'புறங்கொடுத்த' என்று படித்துவிடுவார்கள். அது முதுகு காட்டி ஓடுவது! திதி அட்டையில் அப்படி ஒரு குழப்பம் வேண்டாமே.

'ஓம்பு' எப்படி? விருந்தோம்பலில் இருக்கிறதால் எல்லாருக்கும் காதில் விழுந்த சொல். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்று குறளும் இருக்கிறது.

ரங்கூன் பழைய வாத்தியார்:

தம்பி, ஓம்பு நல்ல சொல்தான். ஆனால் அதற்குத் 'தவிர்' என்றும் பொருள் உண்டு. 'வலியார்க்கு மாறேற்றல் ஓம்புக' என்ற குறளில், வலியவரோடு மோதுவதை விட்டுவிடு என்பதுதான் அர்த்தம். அதோடு, ஓம்புவது வந்தவரையும் போகிறவரையும். கூடவே கிடந்து ஆளாக்கினவளுக்கு அது கொஞ்சம் எட்ட நிற்கிறது.

பேணு என்ற சொல்லைப் பாருங்கள். ஆத்திசூடி 'தந்தை தாய்ப் பேண்' என்கிறது. அங்கே பேணுகிறவர் பிள்ளை. அம்மா பிள்ளையையும் பேணலாம், பிள்ளை அம்மாவையும் பேணலாம். அம்மாவை 'வளர்த்தேன்' என்று எந்தப் பிள்ளையும் சொல்ல முடியாது.

வியாசர்பாடி பேரன்:

டீச்சர், நான் சென்னை. எங்க ஆயா 1964இல் ரங்கூனில் கடையை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். புத்தகச் சொல் எனக்குத் தெரியாது. எங்க வீட்டில் தினமும் புழங்குகிற சொல்லைச் சொல்கிறேன்: 'வளத்து ஆளாக்குனது'. மூணு பிள்ளையோடு வந்து இறங்கியதைச் சொல்லும்போதெல்லாம் 'இதுகள ஆளாக்கணுமேன்னுதான் மூச்சப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்' என்பார். நீங்கள் சொன்ன அந்த 'நிமிர்த்தி நிறுத்துவது' இதுதானே?

காப்பாத்துவது, பராமரிப்பது எல்லாம் இதற்கு ஈடாகாது. வண்டியைக்கூடப் பராமரிக்கிறார்கள்.

முடோன் ரப்பர்க்காட்டுக்காரன்:

ஆளாக்கு! இது எப்படித் தோணாமல் போச்சு? கோழியை யாரும் ஆளாக்க மாட்டார்கள்.

சயாமா, நாற்று விடுவது என்றீர்களே, பெரியம்மா வயல்காரரா?

தட்டோன் டீச்சர்:

ஆமாம் அண்ணே. சொந்த வயல் இல்லை, அடுத்தவர் வயலில் நடவுக்குப் போவார். ஜூன் மழை பிடித்ததும் நாற்றங்கால். பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே அங்கேதான் போவேன். நாற்றைப் பறித்து, வேரிலே ஒட்டின சேற்றைத் தன் கால் விளிம்பிலே தட்டித் தட்டி உதிர்த்து, மூங்கில் நாரால் முடி கட்டுவார். என்னையும் கட்டச் சொல்வார். நான் இறுக்கிக் கட்டினால் அவிழ்த்துவிடுவார். 'கழுத்த நெரிக்காதடி, நாளைக்கு இது நிமிரணும்' என்பார். இன்றைக்கு உங்கள் பதில்களைப் படிக்கப் படிக்க அந்தக் குரல்தான் கேட்டது.

காலையிலே தனாக்கா (சந்தனம்போல் முகத்தில் பூசுகிற மரப்பட்டை) அரைத்து இரண்டு கன்னத்திலும் அவர் பூசிவிட்டால்தான் பள்ளிக்கூடம். கல்லில் அரைத்த அந்தக் கை முழுக்கச் சேற்றுப்புண்.

வாத்தியார் ஐயா, 'வேளாண்மை' பற்றியும் கேட்க நினைத்தேன். குறளில் 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்கிற இடத்தில் அது உதவி செய்வது, இன்றைக்கு அதே சொல் பயிர்த்தொழில். பெரியம்மாவுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் அட்டையில் இடமில்லை.

அண்ணனிடம் கேட்டுவிட்டு இப்படி முடிவு செய்திருக்கிறேன்:

'பெறாமலே பேணி வளர்த்து, எங்களை ஆளாக்கிய பெரியம்மாவுக்கு.'

புறந்தருதலை வருகிற ஞாயிறு பெரிய பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் ஐயா. அட்டை அச்சாகி வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.