ஸ்லீவ் செய்து ஏழு ஆண்டுகள்: நெஞ்சு கரிப்புக்காக மறுபடியும் கத்தி வைக்கலாமா?

திருநகர் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை, வயது 43. எடைக் குறைப்புக்காக 2018 அக்டோபரில் எனக்கு, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்தார்கள். அப்போது என் எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 47. ஒன்றரை ஆண்டில் 74 கிலோவுக்கு இறங்கினேன். ஊரடங்கில் வீட்டிலிருந்தே வகுப்பெடுத்த காலத்தில் மெல்ல ஏறத் தொடங்கிய எடை இன்று 92-இல் வந்து நிற்கிறது.

ஆனால் எடையைவிட என்னை வாட்டுவது நெஞ்சு கரிப்புதான். இரவு எட்டு மணிக்கு இரண்டே இடியாப்பம் சாப்பிட்டாலும், பதினொரு மணிக்குத் தலையைச் சாய்த்ததும் புளித்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வந்து, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து விடுகிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பழைய வினாத்தாள் கட்டுகளை அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் மூன்று தலையணை. காலையும் இரவும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். முதல் பிரிவேளையிலேயே குரல் கம்மிவிடுகிறது.

சென்ற மாதம் என்டோஸ்கோபி செய்ததில், உணவுக் குழாயின் கீழ்ப்பகுதியில் 'சி' நிலைப் புண் (ஏ முதல் டி வரையுள்ள அளவில் கடுமையானது) இருப்பதாகவும், இரைப்பையின் மேல்முனை மார்புப் பக்கம் ஏறியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். சதைப் பரிசோதனையில் அச்சப்படும்படி ஒன்றும் இல்லை. ஓர் அறுவை மருத்துவர் ஸ்லீவை, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸாக மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் அதைவிட எளிய மினி பைபாஸே போதும், நேரமும் செலவும் குறையும் என்கிறார். என் கணவரோ இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, எதற்கு மறுபடியும் வெட்டிக்கொள்கிறாய் என்று கேட்கிறார். "வயித்த வெட்டியும் பழைய கதைதானா" என்று மாமியார் ஒரு நாள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கட்டுப்பாடு இல்லாதவள் என்ற பெயருடன் இரண்டாம் முறை அந்த மேசையில் படுக்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

மகளின் பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. மே மாதத் தொடக்கத்தில் அறுவை செய்துகொண்டால் ஜூனில் பள்ளிக்குப் போக முடியுமா? மறு அறுவை செய்துகொண்டவர்கள் யாரேனும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மேலூர் உரக்கடை:

டீச்சர், வணக்கம். எனக்கு வயது 51. உங்களைப் போலவே முதலில் ஸ்லீவ், பிறகு இதே நெஞ்சு கரிப்பு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரூ-என்-ஒய் பைபாஸ். எனவே கேள்விப்பட்டதை அல்ல, பட்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குறுகிய குழாய். அதற்குள் அழுத்தம் அதிகம் என்பதால், மேலே உணவுக் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் வால்வு சற்றுத் தளர்ந்தாலும் அமிலம் மேல்நோக்கித்தான் பீறிடும். இது அந்த அறுவையின் தெரிந்த பின்விளைவு. இடியாப்பம் தின்றதற்குக் கிடைத்த தண்டனை இல்லை. இதை எனக்கு என் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான், வீட்டில் நிமிர்ந்து பேசினேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, எனக்கு எத்தனை கிலோ குறையும்?" என்பது. அவர் சிரிக்கவில்லை. முதல் அறுவையில் குறைந்த அளவு மறு அறுவையில் குறையாது, கிலோவுக்காக மட்டும் வருவதானால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள், புண்ணுக்காக வருவதானால் தேதி குறிக்கலாம் என்றார். அந்தப் பேச்சு அப்போது கசந்தது. இன்று பார்த்தால் அதைவிட நேர்மையான பேச்சை நான் மருத்துவமனையில் கேட்டதில்லை. எனக்கு 104-இலிருந்து 89 ஆனது, அத்துடன் நின்றுவிட்டது.

இரண்டாம் முறை உள்ளே போகும்போது பழைய தழும்பும் ஒட்டலும் இருக்கும். எனவே தையல் போட்ட இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, இணைப்பு சுருங்கிப்போதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு முதல் முறையைவிடக் கூடுதல். மறு அறுவைகளை வழக்கமாகச் செய்பவரா என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகாதீர்கள். கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் என்னைக் குறைந்த மாவுச்சத்து உணவில் வைத்தார்கள். அது கடைசியில் அலுத்துப்போகும், அவ்வளவுதான்.

அறுவை முடிந்த அன்று மாலையே பிடித்து நடக்க வைத்தார்கள்; காலில் இரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி, கூடவே வயிற்றில் ஊசியும் உண்டு. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் தண்ணீர் ஊற்றி, ஒரு மூடித் தண்ணீரைக் கால் மணி நேரம் வைத்துக் குடித்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மடக்கென்று குடித்தால் நெஞ்சுக்குள் கல் விழுந்ததைப் போல் அடைக்கும். இரண்டு வாரம் திரவம், அதாவது வடிகட்டிய ரசம், மோர், பருப்புத் தண்ணீர், எலும்பு சூப். அடுத்து மசித்த உணவு. ஆறாம் வாரத்தில்தான் ஓர் இட்லியை முழுதாகப் பார்த்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் இரவு, பழக்கத்தில் நான்கு தலையணையை அடுக்கிவிட்டு, நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் மூன்று கீழே விழுந்து கிடக்கின்றன. நான் மட்டமாகப் படுத்திருக்கிறேன், தொண்டையில் எரிச்சல் இல்லை. ஐந்து ஆண்டுகளில் அப்படித் தூங்கியதில்லை. என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். காலையில் சொல்லக் கூடாதா என்று அவர் திட்டியது வேறு கதை.

காய்ச்சல், படபடப்பு நிற்காமல் நாடி 120-க்கு மேல் போவது, இடது தோளில் வலி ஆகியவை முதல் இரண்டு வாரங்களில் வந்தால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆறு வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது என்றார்கள். நான் இருபதாம் நாளே ஓர் உர மூட்டையை நகர்த்தப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். நீங்கள் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

ஓராண்டு கழித்து ஒரு புதுமனைப் புகுவிழாவில், வற்புறுத்தினார்களே என்று அரை டம்ளர் பாயசம் குடித்தேன். இருபது நிமிடத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, பந்தலுக்கு வெளியே பைக் மேல் சாய்ந்து நின்றேன். இதை டம்பிங் என்பார்கள்; சர்க்கரை ஒரேயடியாகச் சிறுகுடலில் கொட்டுவதால் வருவது. ஆகவே இனி ஜிகர்தண்டாவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அண்ணாநகர் உணவியலாளர்:

மருத்துவர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னதில் டீச்சர் குழம்பியிருப்பதால், அதை மட்டும் முதலில் தெளிவுபடுத்துகிறேன். ரூ-என்-ஒய் முறையில் மேலே ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அமிலம் சுரக்கும் எஞ்சிய பகுதியைப் பாதையிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். பித்தநீர், உணவுப் பாதையுடன் 100 முதல் 150 செ.மீ. கீழே தள்ளித்தான் வந்து சேர்கிறது. அமிலம், பித்தம் இரண்டுமே உணவுக் குழாயை எட்டும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. மினி பைபாஸில் இணைப்பு ஒன்றே. பித்தநீர் அந்த இணைப்பின் ஓரமாகவே ஓடுகிறது. எடைக்கும் சர்க்கரைக்கும் அது நல்ல அறுவைதான். ஆனால் ஏற்கெனவே 'சி' நிலைப் புண் உள்ளவருக்கு அமிலத்துக்குப் பதில் பித்தம் ஏறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அதைப் பரிந்துரைத்தவர் பதில் சொல்ல வேண்டும். மார்புக்குள் ஏறியிருக்கும் பகுதியை இறக்கி, அந்த இடைவெளியைத் தைப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஸ்லீவ் செய்து எடை ஏறியவர்களிடம் உணவுப் பட்டியல் கேட்டால், இட்லி, இடியாப்பம், ஆப்பம், மாலையில் முறுக்கு, பருத்திப்பால் என்றுதான் வருகிறது. அளவைக் கேட்டால் குறைவாகவே இருக்கும், பொய்யும் இல்லை. ஆனால் இவையெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுபவை. வயிறு நிறைந்த உணர்வே வராது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்கை ஆசிரியையே போட்டுக்கொள்ளலாம். தட்டில் முதலில் மீனையோ பன்னீரையோ சுண்டலையோ முடித்துவிட்டு, இடமிருந்தால் இட்லிக்குப் போங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பைபாஸுக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும். கால்சியம் சிட்ரேட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காலை டீயுடன் விழுங்குவது, அதைக் குப்பையில் போடுவதற்குச் சமம். நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தயமின் எனும் பி1 குறைந்து கண்ணும் நடையும் தடுமாறும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். அறுவைக்கு முன்பே இந்தச் சத்துகளின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டு ஸ்லீவுக்குப் பின் பலருக்கு ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும்.

உசிலை முகவர்:

நான் மறு அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவன். எனக்கும் ஸ்லீவுக்குப் பின் 16 கிலோ திரும்பியது, ஆனால் கரிப்பு இல்லை, என்டோஸ்கோபியும் சுத்தம். எனவே மருத்துவர், மௌஞ்சாரோ ஊசியில் தொடங்கலாம் என்றார். 2025 மார்ச்சில் அது இந்தியாவுக்கு வந்தது. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் டீச்சரின் கணவருக்கு ஒரு வார்த்தை: இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. எடை குறைந்தாலும், எதுக்களிப்பவர்களுக்கு அது கூடவும் செய்யலாம். மார்புக்குள் ஏறிய இரைப்பையை எந்த ஊசியும் இறக்காது.

நான் காப்பீட்டு முகவர் என்பதால் இன்னொன்று. தனியார் மருத்துவக் காப்பீட்டில் உடற்பருமன் அறுவைக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். அல்லது 35-உடன், பருமனால் வரும் இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் பிஎம்ஐ இப்போது 37 அளவில் வருகிறது. நெஞ்செரிச்சல் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே உணவுக்குழாய்ப் புண்ணுக்கும் ஹெர்னியாவுக்குமான (இரைப்பை மார்புக்குள் ஏறியிருப்பது) சிகிச்சை இது என்பதை, உள்ளபடியே, என்டோஸ்கோபி அறிக்கையுடன் மருத்துவர் எழுதித் தரட்டும். சேர்க்கைக்கு முன்பே எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்குங்கள். 'டிஸ்சார்ஜ் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கவுண்டரில் சொல்வதை நம்பி, ஒரு வாடிக்கையாளர் நகையை அடகு வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

திருநகர் டீச்சர்:

மேலூர் அண்ணனுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. என் கணவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஊசி பற்றிய பத்தியை மட்டும் இரண்டு முறை கேட்டார். மினி பைபாஸ் சொன்ன மருத்துவரிடம் நேற்றுப் பித்தம் பற்றிக் கேட்டேன். அறிக்கையை மறுபடி பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரூ-என்-ஒய்தான் பொருத்தம்" என்று அவரே ஒப்புக்கொண்டார். இரத்தப் பரிசோதனையில் பி12-உம் இரும்பும் குறைவு; இரண்டையும் முதலில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம், அண்ணா. எனக்கு முட்டிவலி உண்டு. தாளாத நாளில் டைக்ளோஃபெனாக் போடுவேன். அது தொடரலாமா? ஜூன் முதல் வாரமே வகுப்பில் நிற்க முடியுமா?

மேலூர் உரக்கடை:

டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் வகைகளை அடியோடு மறந்துவிடுங்கள். குடல் இணைப்பில் புண் வரும். பாரசிட்டமால் போடலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுத்தான். எனக்கு என்ன அறுவை நடந்தது, எந்த மாத்திரை ஆகாது என்று எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆண்டுகள் கழித்துத் திடீரென்று வயிற்றை முறுக்கிப் பிடித்தாலும், வாயுவென்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் அந்த அட்டையுடன் போக வேண்டும். உள்ளே குடல் சிக்கியிருக்கலாம் என்பது, அதைக் காட்டினால்தான் புது மருத்துவருக்குத் தோன்றும்.

ஜூன் முதல் வாரம் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். நான்காம் வாரத்தில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்து வந்தேன். அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நடக்க முடிந்தது, ஆனால் அதன் பின் அரை மணி நேரம் பேசவே தெம்பில்லை. நீங்கள் நாளெல்லாம் நின்று பேச வேண்டியவர். மருத்துவ விடுப்பை ஜூன் பாதி வரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்னதாகத் தேறினால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.