இத்தாலியின் பழங்கட்டடங்கள்: 12 நாட்களில் எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?

கேள்வி (நெடுவழி)

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதம் என் தாயாருடன் 12 நாட்கள் இத்தாலியில் தங்கவிருக்கிறேன். ரோமில் இறங்கி, வெனிஸிலிருந்து திரும்புகிறோம். இடையில் எல்லாப் பயணமும் ரயிலில்தான். பழைய கட்டடங்களை, அவை எப்படிக் கட்டப்பட்டன என்று ஓரளவு புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். ஆனால் நான் எழுதிவைத்த பட்டியலில் இப்போது 31 இடங்கள் சேர்ந்துவிட்டன. கொலோசியம், பாந்தியன், பொம்பேயி, புளோரன்ஸ் பேராலயம், பீசா கோபுரம், மிலான் பேராலயம், வெனிஸின் புனித மாற்கு பேராலயம் என்று எல்லோரும் சொல்பவை பாதி. எங்கோ படித்து, ஏன் குறித்துவைத்தேன் என்பதே மறந்துபோனவை மீதி.

தாயாருக்கு வயது 68. சமதரையில் நெடுநேரம் நடப்பார். ஆனால் முழங்கால் வலி இருப்பதால் 30, 40 படிகளுக்கு மேல் ஏற முடியாது. புகழ்பெற்ற இடங்களில் உண்மையிலேயே நேரில் நின்று பார்க்க வேண்டியவை எவை? படியேற முடியாதவர் அங்கே எதை இழப்பார், அதற்கு மாற்று உண்டா? பலரும் போகாத ஊர் ஒன்றே ஒன்றைச் சேர்ப்பதென்றால் எதைச் சேர்க்கலாம்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (செங்கல்)

பட்டியலில் 20 இடங்களைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். நீங்கள் கேட்பது கட்டுமானம் பற்றி என்பதால், ரோமின் பாந்தியனையும் புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தையும் அடுத்தடுத்துப் பார்க்குமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏறத்தாழ 1300 ஆண்டு இடைவெளியில் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இரு வேறு விடைகள் அவை.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனின் முகப்பில் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியதாகப் பெரிய எழுத்துகளில் பொறித்திருக்கும். அதை நம்பிவிட வேண்டாம். அக்ரிப்பா கட்டிய பழைய கோயில் அழிந்துபோய், இன்று நாம் காணும் கட்டடம் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125-ஐ ஒட்டி முடிந்தது என்பது செங்கற்களில் இருந்த முத்திரைகளால் தெரிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை உள்ள உயரமும் அதே 43.3 மீட்டர், அதாவது உள்ளே ஒரு முழு உருண்டை சரியாக அடங்கும். கம்பி எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் மாடம் இது. அடியில் ஏறத்தாழ 6 மீட்டர் கனமாகத் தொடங்கி, உச்சித் துளையின் விளிம்பில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்கு மெலிகிறது. கான்கிரீட்டில் கலந்த கல்லும் மேலே போகப் போக மாறி, உச்சியை நெருங்கும்போது எரிமலை கக்கிய, நுரைபோன்ற இலேசான கல்லாகிவிடுகிறது. உள்முகத்தில் வரிசையாகத் தெரியும் சதுரக் குழிவுகளும் அழகுக்காக மட்டும் அல்ல. எடையைக் குறைப்பவையும் அவைதாம். மழை பெய்யும் நாளில் போக வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். உச்சித் துளை வழியாக மழை நேரே உள்ளே விழும்; தரை மிகச் சிறிதளவு மேடாக இருப்பதால், நீர் ஓடிச் சிறு துளைகளில் இறங்கும். கி.பி. 609-இல் தேவாலயமாக மாறியதால்தான் இந்தக் கட்டடம் இடிபடாமல் தப்பியது. 2023 ஜூலை முதல் உள்ளே செல்லக் கட்டணம் உண்டு. உங்கள் தாயாருக்கு இங்கே எந்தச் சிரமமும் இருக்காது.

புளோரன்ஸில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1296-இல் தொடங்கிய பேராலயத்தின் சுவர்கள் எழுந்து, மாடம் அமர வேண்டிய எண்கோணத் திறப்பும் உருவாகிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 45 மீட்டர் அகலமான அந்தத் திறப்பை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு பெரிய மரச்சாரம் கட்டி, அதன்மேல் மாடத்தைத் தாங்கவைப்பது நடவாத காரியம். 1418-இல் போட்டி அறிவித்தார்கள். பொற்கொல்லராகத் தொழில் பயின்ற புருனெல்லஸ்கி, தாங்குசாரமே இல்லாமல் கட்டிக்காட்டுகிறேன் என்றார். 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தும் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மாடங்கள்; உள்ளே கல்லாலும் மரத்தாலும் ஆன சங்கிலி வளையங்கள். செங்கற்களைப் படுக்கையாக மட்டும் அடுக்காமல், இடையிடையே செங்குத்தாக நிறுத்தி, மீன்முள் வடிவில் கோத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது அது தன்னையே பிடித்துக்கொள்ளும். காரை காயும்வரை செங்கல் நழுவாது. மேலே ஏறும் 463 படிகள் இந்த இரண்டு மாடங்களுக்கும் நடுவேதான் செல்கின்றன, எனவே நீங்கள் ஏறினால் இதை எட்டித் தொடும் தூரத்தில் பார்க்கலாம். லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம்.

வெள்ளையும் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கும் அந்தப் பேராலய முகப்பை எல்லோரும் இடைக்காலத்தது என்று எண்ணிப் படமெடுப்பார்கள். அது 1887-இல் முடிந்தது.

கொலோசியத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உள்ளே போகப் பெயரிட்ட நுழைவுச்சீட்டும் அடையாள ஆவணமும் தேவை. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வெளியே, இலவசமாகவே இருக்கிறது. வெளிச்சுவர் எங்கும் அம்மைத் தழும்புபோலத் தெரியும் குழிகள், கற்களை இணைத்த இரும்புப் பற்றுகளைப் பிற்காலத்தவர் தோண்டி எடுத்த தடங்கள். எஞ்சி நிற்கும் வளைவுகளின் மேல் 23 முதல் 54 வரையான வாயில் எண்கள் ரோமானிய எழுத்தில் இன்றும் உள்ளன. கிழக்கு முனையில், சரியத் தொடங்கிய வளைவுகளை நிமிர்த்த முயலாமல், சரிந்த நிலையிலேயே செங்கல்லால் அடைத்துத் தாங்குசுவர் எழுப்பியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த வேலை. விழுந்துகொண்டிருக்கும் கல் பாதியில் உறைந்ததுபோல இருக்கும்.

பதில் 2 (மாடப்புறா)

செங்கல் அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: ரவென்னா. போலோனியாவில் ரயில் மாறினால், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊர் முழுவதும் சமதரை என்பதால், உங்கள் தாயாரைப் பொறுத்தவரை வெனிஸைவிட இதுவே எளிதான ஊராக இருக்கும்.

இங்குள்ள கட்டடங்கள் வெளியிலிருந்து பார்ப்பவரை ஏமாற்றும். காலா பிளாசிடியாவின் கல்லறை மாடம் எனப்படுவது, களஞ்சியமோ என்று எண்ணத்தக்க சிறிய செங்கல் கட்டடம். (அந்த அரசி ரோமில் இறந்தவர்; இங்கே அடக்கமாகவில்லை என்பதே பொதுவான கருத்து. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) குனிந்து உள்ளே நுழைந்தால், ஆழ்ந்த கருநீலத்தில் பொன் விண்மீன்கள் நிறைந்த கூரை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கற்பலகைகள் பதித்திருப்பதால் உள்ளே வரும் ஒளியே தேன் நிறத்தில் இருக்கும். ஒரு முறைக்குச் சிலரை மட்டுமே, சில நிமிடங்களுக்கு மட்டுமே விடுவார்கள். நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகவே ஒரு நிமிடம் போய்விடும். எனவே படமெடுக்கும் எண்ணத்தை வெளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அதை அடுத்திருப்பது கி.பி. 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயம். பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசை ஆண்ட ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு எதிரெதிரே நிற்கும் மொசைக் ஓவியங்கள் (சிறு துண்டுகளைப் பதித்து ஆக்கியவை) இங்கேதான் உள்ளன. அந்த இருவரும் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை. கண்ணாடித் துண்டுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நாம் இரண்டு அடி நகர்ந்தால் பொன்னின் மினுக்கமும் இடம் மாறும். படத்தில் ஒருபோதும் வராத ஒன்று இது.

என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் சான்ட் அப்போலினாரே நுவோவோ. கோத் அரசர் தியோடோரிக் தன் அரண்மனைத் தேவாலயமாகக் கட்டியது. சுவரில் அவருடைய அரண்மனையே மொசைக்காக இருக்கிறது. தூண்களுக்கு இடையில் மனிதர்கள் நின்றிருந்தார்கள். பைசாந்தியர் ஊரைப் பிடித்த பிறகு அந்த உருவங்களை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளையும் விரல்களையும் முழுவதும் அகற்றவில்லை. உற்றுப் பாருங்கள்: ஆளே இல்லாமல், வெண்தூணின் குறுக்கே ஒரு கை மட்டும் நீண்டிருக்கும்.

பதில் 3 (கல்தூண்)

பீசாவைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அதைக் கிண்டல் செய்து ஒதுக்கிவிடுவார்கள். கையால் கோபுரத்தைத் தாங்குவதுபோல் நின்று படமெடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் கட்டுமானத்தில் ஆர்வம் உள்ளவர் அதை விடக் கூடாது.

1173-இல் தொடங்கிய கோபுரம் மூன்றாம் தளம் எழும்போதே, அடியிலிருந்த இளகிய களிமண்ணில் இறங்கத் தொடங்கியது. அதன் பிறகு போர்களால் வேலை ஏறத்தாழ நூறாண்டு நின்றது. அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது; மண் இறுகி வலுப்பெற அவகாசம் கிடைத்தது. மீண்டும் தொடங்கியவர்கள் சாய்வை ஈடுகட்ட மேல்தளங்களைச் சற்றே நிமிர்த்திக் கட்டியதால், கோபுரம் நேர்கோட்டில் சாயாமல் வாழைப்பழம்போல் வளைந்து நிற்கிறது. ஒரு பக்கமாகத் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 1989-இல் பாவியா நகரின் பழைய கோபுரம் இடிந்து நால்வர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் பீசா கோபுரத்தை மூடிவிட்டார்கள். கடைசியில் பலன் தந்த வழி மிக எளிமையானது: சாயாத வடபக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உருவி எடுத்தார்கள். உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் திரும்பி வந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். முழுவதும் நிமிர்த்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்று சொல்லவும் வேண்டுமா?

தாயார் கோபுரத்தில் ஏற முடியாது. அதனால் இழப்பு அதிகமில்லை. பக்கத்திலுள்ள வட்டமான திருமுழுக்கு ஆலயத்துக்குள் அழைத்துச் செல்லுங்கள். காவலர் அவ்வப்போது நடுவில் நின்று சில சுரங்கள் பாடுவார். எதிரொலி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரே குரல் பலர் பாடுவதுபோல் கேட்கும். புளோரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அரை நாள் போதும்.

மிலானை இம்முறை விட்டுவிடுங்கள். அது உங்கள் வழியிலேயே இல்லை. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பேயியில் நிழலும் குறைவு, கற்பாதையும் கரடுமுரடு. அதற்குப் பதில் ரோமிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரத்தில் ஓஸ்தியா அந்திகா போகலாம். பழைய துறைமுக நகரம் அது. மாடி வீடுகள், மாவு அரைத்த எந்திரக் கற்கள், வணிகர் அலுவலகங்களின் முன் கப்பலும் யானையும் பதித்த மொசைக் தரைகள் எல்லாம் அங்கே உண்டு. அங்கும் கற்பாதை சமமாக இராது, மெதுவாக நடக்க வேண்டும். ஆனால் பைன் மரங்களின் நிழல் இருக்கிறது, கூட்டம் குறைவு.

மறுமொழி (நெடுவழி)

மூவருக்கும் மிக்க நன்றி. ரோமில் 4 நாட்கள், புளோரன்ஸில் 3, ரவென்னாவில் 2, வெனிஸில் 3 என்று பிரித்துவிட்டேன். பீசா, புளோரன்ஸ் நாட்களுக்குள் அடங்கும். நான் 463 படிகள் ஏறும் நேரத்தில் தாயார் என்ன செய்வார் என்பதும், வெனிஸில் பாலங்களின் படிகளை எப்படிச் சமாளிப்பது என்பதும் மட்டுமே மீதமுள்ள கவலைகள்.

பதில் 4 (செங்கல்)

புளோரன்ஸ் பேராலயத்துக்குப் பின்புறமுள்ள அதன் அருங்காட்சியகத்தில் லிஃப்ட் உண்டு. சிற்பி கிபெர்ட்டியின் அசல் வெண்கலக் கதவுகளும், மைக்கலாஞ்சலோ தன் முதுமையில் செதுக்கிப் பாதியில் கைவிட்ட பியேத்தா (இறந்த இயேசுவைத் தாங்கும்) சிற்பமும், குவிமாடத்தின் மர மாதிரிகளும் அங்கே இருக்கின்றன. மேல்தளத் திறந்தவெளியிலிருந்து பார்த்தால் மாடம் எதிரே முழுதாகத் தெரியும். மாடத்தின் அடிவிளிம்பில் எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் பளிங்கு நடைமாடம் இருப்பதையும், மற்றவை வெறும் கல்லாக விடப்பட்டிருப்பதையும் அங்கிருந்து காட்டுங்கள்.

வெனிஸில் நடப்பதைக் குறைத்து, வபோரெட்டோ எனப்படும் பயணிகள் படகையே நம்புங்கள். புனித மாற்கு சதுக்கத்து மணிக்கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்து, 1912-இல் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் எழுந்த கோபுரம் அது. எதிர்த் தீவிலுள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயக் கோபுரத்துக்கும் லிஃப்ட் உண்டு. வரிசை குறைவு, முழு நகரமும் எதிரே தெரியும், தேவாலயமோ கட்டடக்கலைஞர் பல்லாடியோ வடிவமைத்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். புனித மாற்கு பேராலயத்து மாடியிலுள்ள வெண்கலக் குதிரைகளைப் பார்க்கச் செங்குத்தான படிகள் ஏற வேண்டும். அதை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். வெளியே நிற்பவை நகல்கள், 1204-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கொள்ளையிட்டுக் கொண்டுவந்த அசல் நான்கும் உள்ளே இருக்கின்றன.

பதில் 5 (மாடப்புறா)

நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் சேர்க்கிறேன். சிறிய தேவாலயங்கள் பலவும் நண்பகலில் மூடி, மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் திறக்கும். நான் ஒரு முறை பன்னிரண்டரைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களும் பழஞ்சின்னங்களும் இலவசம் என்பதால், தாயாருடன் செல்பவர் அந்த நாளில் அங்கே போகாமல் இருப்பதே நல்லது. வட்டார ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள பெட்டியில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். வெனிஸின் பகல்நேர நுழைவுக் கட்டணம் 2024, 2025 ஆண்டுகளில் ஏப்ரல் முதல் ஜூலை வரையான குறிப்பிட்ட நாட்களுக்கே இருந்தது, ஆயினும் கிளம்புமுன் நகராட்சியின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பையில் ஒரு யூரோ நாணயங்கள் சில எப்போதும் இருக்கட்டும். ரோமில் சான் லுயிஜி தேவாலயத்தில் புகழ்பெற்ற ஓவியர் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள் இருட்டில் இருக்கும். நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், சில நிமிடங்களில் அணைந்துவிடும். பாந்தியனிலிருந்து ஐந்து நிமிட நடைதான்.