பழைய புத்தகங்களை எப்படிக் கழிப்பது?

வணக்கம். திருச்சி பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் நூலகராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அலமாரியைத் திறந்தால் தெலங்கானா இல்லாத அட்லஸ் நாலு பிரதி, புளூட்டோவை இன்னும் ஒன்பதாவது கோள் என்று சொல்லும் அறிவியல் நூல் (2006லேயே அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள்), தொட்டால் உதிர்கிற ஓர் அகராதி. எடுத்துவிடலாம் என்றால், இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கிறதே, தணிக்கையில் கேட்பார்கள் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் பயமுறுத்துகிறார். சரி, ஆனால் கரையான் அரித்ததை எத்தனை நாள் வைத்திருப்பது? கழிவுப் பட்டியலில் தலைமையாசிரியர் கையெழுத்து போதுமா, குழு போட்டுத் தீர்மானம் எழுத வேண்டுமா? ஏற்கெனவே செய்தவர்கள் மாதிரிப் பட்டியல் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள் ஒரு கட்டு கிடக்கிறது, அதில் மட்டும் கைவைக்க மனசு வரவில்லை.