ஐந்து கோடி, நான்கு ஊர்: எங்கே குடியேறுவது?

திரும்பும்பறவை:
வணக்கம். 17 வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு ஊர் திரும்புகிறோம். நான், மனைவி, இப்போது மயிலாடுதுறையில் தனியாக இருக்கும் 74 வயது அம்மா. மகள் வெளிநாட்டில் படிக்கிறாள், லீவுக்கு வந்து போவாள். வீட்டுக்கு ஐந்து கோடி வரை ஒதுக்கியிருக்கிறோம். என் வேலையை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். மனைவிக்கு மூச்சுத் தொல்லை உண்டு, அதனால் டெல்லி, குர்கான் பேச்சே இல்லை. மிச்சம் சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை. சாயங்காலம் நடக்க இடம், நல்ல சாப்பாடு, கச்சேரி, நாடகம், பக்கத்தில் ஆஸ்பத்திரி, குழாயைத் திறந்தால் தண்ணீர். இதெல்லாம் ஒன்றாக எந்த ஊரில் கிடைக்கும்? வாழத்தான் வாங்குகிறோம். தயவுசெய்து முதலீட்டுப் பேச்சு வேண்டாம்.

டெக்கான்மணி:
முதலீட்டைப் பேசாமல் எப்படி சார்? 2023 ஆகஸ்டில் எங்கள் ஹைதராபாதின் கோகாபேட்டில் நடந்த அரசு நில ஏலத்தில் ஒரு ஏக்கர் 100 கோடியைத் தாண்டியது. சரி, விடுகிறேன். வாழ்வதைப் பற்றியே பேசுவோம்.

ஐந்து கோடிக்கு ஹைதராபாதின் மேற்குப் பக்கத்தில் 4,000 சதுர அடி கிடைக்கும். மற்ற மூன்று ஊரிலும் நல்ல பேட்டையில் இது நடக்காது. நான் 31வது மாடியில் இருக்கிறேன். 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் ஏறினால் ஷம்ஷாபாத் விமான நிலையம் வரை ஒரு சிக்னல் கிடையாது. கிருஷ்ணா, கோதாவரி என்று இரண்டு நதித் தண்ணீர் வருகிறது. கச்சிபௌலி பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. நீச்சல் குளம், பேட்மின்டன், சின்னத் திரையரங்கு எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. சிங்கப்பூர் கான்டோ குடியிருப்பு வளாகத்தில் பழகியவருக்கு இந்தியாவில் இதைவிடப் பக்கத்தில் வேறெதுவும் வராது.

அல்சூர்க்காரன்:
ஏப்ரல், மே மாதத்தில் அந்த 31வது மாடியில் பால்கனிக் கதவைத் திறப்பீர்களா மணி சார்? பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஏசி உண்டு. வருடத்தில் ஆறேழு வாரம் போடுவோம், அவ்வளவுதான். மூச்சுத் தொல்லை, வயதான அம்மா என்றால் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம், கச்சேரி நாடகம் என்று கேட்டீர்கள். ஜே.பி. நகரில் ரங்கசங்கரா 2004லிருந்து நடக்கிறது. அங்கே நாடகம் தொடங்கிய பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், அவ்வளவு கறார். கஸ்தூர்பா சாலையில் 2023ல் ஒரு நல்ல கலை அருங்காட்சியகம் திறந்தார்கள், அங்கிருந்து நடந்தால் கப்பன் பார்க். லவெல் ரோடு ஐந்து கோடிக்கு எட்டாது. ரிச்மண்ட் டவுன், பென்சன் டவுன், அல்சூர் பக்கம் பழைய அபார்ட்மென்ட் எட்டும். வைட்ஃபீல்டு பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

பெசன்ட்நகர்மாமி:
2022 செப்டம்பரில் உங்கள் ஊரில் கோடிக்கணக்கில் கொடுத்து வில்லா வாங்கினவர்களெல்லாம் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அல்சூர்க்காரன்:
மாமி, வெள்ளத்தைப் பற்றிச் சென்னை பேசலாமா? 2015ல் அடையாறு வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பர் புயலில் காரப்பாக்கத்தில் இந்தி நடிகரையே படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரே ஊருக்கு வெள்ளமும் பஞ்சமும்.

பெசன்ட்நகர்மாமி:
இல்லை என்று எங்கே சொன்னேன்? 2019ல் எங்கள் தெருவில் லாரிக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் சென்னைக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது தம்பி. மீஞ்சூரில் 2010லிருந்தும் நெம்மேலியில் 2013லிருந்தும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நெம்மேலியிலேயே 2024ல் தினம் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தாயிற்று. உங்களுக்குக் காவிரியை நூறு கிலோமீட்டர் தூரம், மலை மேலே ஏற்றுகிற மாதிரி ஏற்ற வேண்டும். 2024 மார்ச்சில் போர்வெல் காய்ந்தபோது என்ன செய்தீர்கள்?

அல்சூர்க்காரன்:
எங்களுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. வைட்ஃபீல்டில் இருக்கும் தங்கை வீட்டு அபார்ட்மென்ட்டில் பேப்பர் தட்டில் சாப்பிடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதனால்தான் காவிரிக் குழாய் இருக்கிற பழைய பேட்டையாகப் பாருங்கள் என்கிறேன். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டமும் வந்துவிட்டது.

மாட்டுங்காவாசி:
மூன்று பேரும் வீட்டையும் தண்ணீர் லாரியையும் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டுக்குள்ளே இத்தாலிப் பளிங்கும் ஜெர்மன் குழாயும் எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளலாம். கேட்டைத் தாண்டி முதல் 500 மீட்டர் எப்படி இருக்கிறது? எனக்கு அதுதான் ஊர்.

மும்பையில் ஐந்து கோடி என்பது மாட்டுங்கா பக்கம் 900, 1,000 சதுர அடிதான். சிரிக்காதீர்கள், நான் சொல்வது கார்ப்பெட், வீட்டுக்குள் மட்டும் அளந்த பரப்பு. மணி சார் சொன்ன 4,000ல் லிஃப்ட், படிக்கட்டு, லாபி, கிளப்ஹவுஸ் எல்லாம் அடக்கம். சுவருக்குச் சுவர் அளந்தால் 2,800 தேறினால் அதிகம். ஆனாலும் எங்களைப் போல் மூன்று மடங்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

இனி கேட்டுக்கு வெளியே வாருங்கள். ஃபைவ் கார்டன்ஸில் காலை நடை. சண்முகானந்தாவில் கச்சேரி, 1952ல் தொடங்கிய சபா. இட்லி வடைக்கு கஃபே மெட்ராஸ், பூக்காரர், ஐயர் கடை எல்லாம் காலடியில். தாதரில் ஏறினால் பாதாள மெட்ரோ ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் கஃப் பரேடு வரை போகிறது. என் மகள் ராத்திரி பதினொன்றரைக்கு நாடகம் பார்த்துவிட்டுத் தனியாக டாக்ஸியில் வருவாள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

டெக்கான்மணி:
1,000 சதுர அடியில் மூன்று பெரியவர்கள், லீவுக்கு மகள், சிங்கப்பூரிலிருந்து வரும் சாமான். மாட்டுங்கா சார், அது காலேஜ் ஹாஸ்டல் மாதிரி இருக்கும். நடக்க எங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒன்றேகால் கிலோமீட்டர் பாதை இருக்கிறது. நாயும் கிடையாது, பைக்கும் கிடையாது. 74 வயதில் மும்பை ரோட்டில் யார் நடப்பார்கள்?

மாட்டுங்காவாசி:
என் அம்மா 81 வரை நடந்தார்.

பெசன்ட்நகர்மாமி:
மணி, கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன். உங்கள் 31வது மாடிக்குக் கீழே உங்களுக்கு எவ்வளவு நிலம்?

பறவை தம்பிக்கும் இது உபயோகப்படும். சென்னையில் வீடு பார்த்தால் முதலில் யுடிஎஸ் என்ன என்று கேட்போம். மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு அது. எங்களுடையது இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. ஆறு வீடு. ஆளுக்கு 800 சதுர அடி மண். கட்டடம் 1991ல் கட்டினது. போன வருடம் இடித்துக் கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்தார். புது வீடும் தருகிறேன், கட்டி முடிக்கும் வரை வாடகையும் தருகிறேன் என்றார். ஆறு பேர் கூடிப் பேசி மூன்று மாதம் சண்டை போட்டு வேண்டாம் என்றோம், அது வேறு கதை. ஹைதராபாதில் 2006லேயே எஃப்எஸ்ஐ வரம்பை, அதாவது மனை அளவுக்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்கிற வரம்பை, எடுத்துவிட்டார்கள். சாலை அகலமும் சுற்றிலும் இடமும் இருந்தால் உயர உயரக் கட்டலாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் நூறு வீடு என்றால் ஆளுக்கு 435. நாற்பது வருடம் கழித்து அத்தனை மாடியை யார் இடிப்பார்கள், யார் செலவு செய்வார்கள்?

டெக்கான்மணி:
நாற்பது வருடம் கழித்து நான் இருக்கமாட்டேன் மாமி. இவர் முதலீடு வேண்டாம் என்றார், நீங்கள் மண்ணுக்குக் கணக்குப் போடுகிறீர்கள்.

அம்மா விஷயம் மட்டும் நேர்மையாகச் சொல்கிறேன். என் அம்மா முதல் மூன்று மாதம் பால்கனிப் பக்கமே வரவில்லை. கோயிலுக்குப் போக கார் வேண்டும், கார் என்றால் நான் வேண்டும். ஒருநாள் 'ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி இருக்குடா' என்றார். இப்போது வளாகத்தில் தமிழ் அம்மாக்கள் பதினோரு பேர் சேர்ந்து சாயங்காலம் திருப்புகழ் பாடுகிறார்கள். லிஃப்டில் இறங்கினால் துணைக்கு ஆள். பழக ஒரு வருடம் ஆனது.

ரேஸ்கோர்ஸ்காரி:
கோவையை யாருமே சொல்லவில்லையே! சிறுவாணித் தண்ணீர், ரேஸ்கோர்ஸ் நடைபாதை, மேற்குத் தொடர்ச்சி மலைக் காற்று. ஐந்து கோடியில் பாதி மிஞ்சும்.

திரும்பும்பறவை:
கோவையில் மனைவியின் அண்ணன் இருக்கிறார். அதனால்தான் சேர்க்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

பத்திரம்பார்ப்பவன்:
ஐந்து கோடி என்பதில் செலவும் அடக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 45 லட்சம் அங்கேயே போகும். தெலங்கானாவில் எல்லாம் சேர்த்து 7.5. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், செஸ் எல்லாம் சேர்த்தால் ஏழரையைத் தாண்டும். மும்பையில் 6, பதிவுக் கட்டணம் 30,000 ரூபாயோடு நின்றுவிடும். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் மேலே 5 சதவீத ஜிஎஸ்டி. கட்டட நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது இல்லை. பெங்களூரில் காதா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; ஒழுங்கானது ஏ, குறையுள்ளது பி. ஏ காதாவா பி காதாவா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அல்சூர்க்காரன்:
காதா விஷயம் நூற்றுக்கு நூறு. சொந்த அனுபவம். விற்றவர் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றார். எட்டு மாதம் அலைந்தேன்.

மாமியிடம் ஒரு கேள்வி. கடற்கரை, மண் பங்கு, கச்சேரி எல்லாம் சரி. ஒரு வருத்தம்கூடவா இல்லை?

பெசன்ட்நகர்மாமி:
ஏன் இல்லை? உப்புக் காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி நாலு வருடம்கூடத் தாங்காது. ஜன்னல் கொக்கி, கேட், சைக்கிள் எல்லாம் துரு. எல்.பி. ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள், பத்து நிமிஷ வழி முக்கால் மணி நேரம் ஆகிறது. மே மாதம் மத்தியானம் தெருவில் காக்காய்கூட இருக்காது. சாப்பாட்டில் வகை வேண்டுமென்றால் பெங்களூர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மார்கழியில் மத்தியானக் கச்சேரி கேட்டு, சபா கேன்டீனில் சாப்பிட்டு, சாயங்காலம் கலாக்ஷேத்ராவில் நடனம் பார்த்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வரலாம். இப்படி ஒரு மாதம் எந்த ஊரிலும் இல்லை. மற்ற பதினோரு மாதத்துக்குப் பொறுத்துக்கொள்கிறேன்.

மாட்டுங்காவாசி:
அந்த ஒரு மாதத்தில் விட்டுக்கொடுக்கிறேன். பறவை சார், எந்த ஊரையும் ஜனவரியில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் எல்லா ஊரும் அழகு. எங்கள் ஊரை ஜூலை மழையில் பாருங்கள். சென்னையை மே மாதமும் நவம்பர் கடைசியும், ஹைதராபாதை ஏப்ரலில், பெங்களூரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிவட்டச் சாலையில்.

திரும்பும்பறவை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு இந்தத் திரியைப் படித்தோம். மனைவிக்கு பெங்களூர் காற்று மேல் கண். எனக்கு மணி சாரின் 4,000 அடி இன்னும் உறுத்துகிறது. அம்மாவுக்கு போனில் எல்லாம் படித்துக் காட்டினேன். கலாக்ஷேத்ரா என்றதும் 'அந்த மாமி வீட்டுப் பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா, கேள்' என்றார். முதலில் பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பதாக முடிவு. மாமி, உங்கள் தெருவில் ஏதாவது இருக்கிறதா?

பெசன்ட்நகர்மாமி:
எங்களுக்கு மேல் வீடே ஆவணியில் காலியாகிறது. மூன்று படுக்கையறை, லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடி. அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள். கார் ஒன்றுக்குத்தான் இடம்.

டெக்கான்மணி:
இங்கே ஆளுக்கு மூன்று கார் நிறுத்தலாம். லிஃப்ட் எட்டு.